நஞ்சுக் கிண்ணமும் நாவலாசிரியரும்
(போர்ஜியா குடும்பம் பற்றிய வரலாற்றுப் புனைகதைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்)

1497ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் திகதி இரவு. ரோமாபுரியில், தைபர் நதிக்கரையில் இறக்கப்பட்டிருந்த தன் மரங்களுக்குக் காவலாகப் படகொன்றிற் படுத்திருந்த வியாபாரி ஒருவன் ஒரு காட்சியைக் கண்டான். முதலில் இருவர் வந்து ஆளரவம் உண்டோவெனச் சுற்றிப் பார்த்துச் சென்றனர். பின்னர் வேறிருவர் வந்து அவ்வாறே பார்த்தனர். அதன்பின் வெண்குதிரையொன்றில் ஒருவன் வந்தான். அவனுக்குப் பின்னாற் குதிரையின் முதுகிற் குறுக்காக ஒரு பிணம் கிடந்தது. குப்பை கொட்டும் இடத்தருகே அது ஆற்றில் எறியப்பட்டது. நீரில் மிதந்த மேலங்கியையும் கல்லெறிந்து அமிழ்த்திவிட்டு வந்தவர்கள் மறைந்தனர். செம்படவர்களை அழைத்து ஆற்றை அரித்தபோது அகப்பட்டது, பாப்பரசர் ஆறாம் அலெக்சாந்தரின் மகனும் கந்தியாப் பிரபுவுமான ஹுவான் போர்ஜியாவின் உடல். அதில் ஒன்பது காயங்கள் இருந்தன. பணப்பையில் முப்பது டக்கட் பொன் அப்படியே இருந்தது. எனவே கொன்றவர் கள்வரல்லர்.

கண்டதை ஏன் உடனே அறிவிக்கவில்லையென அம்மரவியாபாரியிடம் வினவினர். அவ்விடத்தில் இரவில் நூறு பிணங்கள்வரை எறியப்படுவதைத் தான் கண்டிருப்பதாகவும், அவை குறித்து எவரும் எக்காலத்தும் கவலைகொண்டதில்லையெனவும் அவன் விடையிறுத்தான். பாப்பரசரின் சடங்குமுறை அதிகாரியாகவிருந்த யோகான் புர்ச்சார்ட் என்னும் ஜெர்மானியர் தம் நாட்குறிப்பில் இதனைப் பதிந்து வைத்துள்ளார்.

போர்ஜியா குடும்பம் பற்றி எழுதிய நாவலாசிரியர்களுக்கு இந்த இரவு ஒரு பொற்சுரங்கமாகும். கொன்றவன் யார்? தமையன் சேசாரேயா? பகைமை பூண்ட ஒர்சினி குலத்தவரா? தங்கை மீதும் மைத்துனி மீதும் கொண்ட பொறாமையா? ஐந்து நூற்றாண்டுகளாக இவ்வினா சுவை குன்றாது கேட்கப்பட்டு வருகின்றது. ஆனால் மற்ற நூறு பிணங்கள் யாருடையவை என்ற வினாவை, நான் படித்த இவ்வகைப் புனைகதைகளில் எதுவும் தன் மையவினாவாகக் கொள்ளவில்லை. இக்கட்டுரை அவ்விடுபாட்டைப் பற்றியது. இந்நூல்களுள் பிறமொழியிலமைந்தவற்றை ஆங்கிலத்தின் வழியாகவே நான் படித்தேன் என்பதையும், அவற்றுட் சிலவற்றைப் பரீட்சைக் காலத்திலும் கீழே வைக்க மனமின்றிப் படித்தேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ளல் முறையாகும். கவர்ச்சிக்கு ஆட்படாதவன்போல் நின்று கவர்ச்சி இலக்கியத்தைக் கண்டிப்பது விமர்சனமாகாது.

வரலாற்றைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். ஸ்பானிய வலென்சியாப் பகுதியைச் சேர்ந்த ரொட்ரிகோ போர்ஜியா 1492இல் ஆறாம் அலெக்சாந்தர் என்னும் பெயருடன் பாப்பரசரானார். சேசாரே, ஹுவான், லுக்ரேசியா, ஜொஃப்ரே ஆகியோர் அவருடைய மக்கள். சேசாரே 1498இல் கர்தினால் பதவியைத் துறந்து, பிரெஞ்சு மன்னனின் துணையோடு மத்திய இத்தாலியின் ரொமாக்னாப் பகுதியிலே தனக்கென ஓர் அரசை வாளால் அமைத்தான். 1480இற் பிறந்த லுக்ரேசியா மும்முறை மணஞ்செய்விக்கப்பட்டாள். முதல் மணம் 1497இல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. இரண்டாங் கணவன் 1500இல் கொலையுண்டான். மூன்றாம் மணத்தின்மூலம் 1502இல் பெராரா சென்றாள். 1503 ஓகஸ்டில் தந்தை இறக்க, குடும்பத்தின் அதிகாரம் சில மாதங்களிற் சரிந்தது. 1507இல் நவார் நாட்டில் ஒரு சிறு சண்டையிற் சேசாரே மாண்டான். அலெக்சாந்தர் அரியணையேறியதிலிருந்து எண்ணினாற் பதினைந்து ஆண்டுகள். அவ்வளவே.

இக்காலத்து இத்தாலியில் இக்குடும்பம் செய்தவை பிறர் செய்யாதவையல்ல என்பது மனங்கொளத்தக்கது. இவருக்கு முன்னிருந்த எட்டாம் இன்னசென்ற் பாப்பரசரும் தம் மகனை வெளிப்படையாக ஏற்று, அவனைப் புளோரன்ஸ் நகர மெடிச்சி குடும்பத்துப் பெண்ணுக்கு மணஞ்செய்து வைத்தார். அலெக்சாந்தரின் பகைவராகவிருந்து பின்னர் இரண்டாம் யூலியஸ் என்ற பெயரில் அரியணையேறியவர், சேசாரே தொடங்கிய அதே வேலையை, அதாவது திருச்சபை நிலங்களில் சிறு பிரபுக்களை அடக்கி மைய ஆட்சியை நிறுவும் வேலையை, தாமே படைநடத்திச் சென்று தொடர்ந்தார். அவரை வரலாறு போர்வீரப் பாப்பரசர் என்கிறது. இவர்களை நஞ்சிடுவோர் என்கிறது. போர்ஜியாக்கள் அந்நியர், கத்தலானியர் என்று ரோமாபுரியின் பழங்குடிப் பிரபுக்களால் இகழப்பட்டவர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோற்றவர். தோற்றவரின் கதையை வென்றவர் எழுதும்போது அது அரசியலாக எழுதப்படுவதில்லை, ஒழுக்கக்கேடாகவே எழுதப்படுகின்றது. தந்தைக்கும் மகளுக்குமிடையே தகாத உறவு உண்டென்ற பேச்சு எங்கிருந்து எழுந்ததென நோக்கின் இது தெளிவாகும். ஆண்மையற்றவனெனப் பழிசுமத்தி மணமுறிவுக்கு இணங்குமாறு நெருக்கப்பட்ட முதற்கணவன் ஜியோவன்னி ஸ்ஃபோர்சா, பாப்பரசர் தம் மகளைத் தமக்கே வேண்டுகின்றார் என்று கூறினான். அக்கூற்றைப் பெராராவின் தூதர் தம் கோமகனுக்கு எழுதினார். மானமிழந்தவன் ஆத்திரத்தில் எறிந்த சொல் ஒன்று தூதரின் கடிதமாகி, நாட்குறிப்பாகி, நாடகமாகி, ஈற்றில் தொலைக்காட்சித் தொடருமாயிற்று.

அந்நாடகத்தை எழுதியவர் விக்டர் ஹியூகோ. 1833 பெப்ரவரியில் பாரிசில் மேடையேறிய ‘லுக்ரேசியா போர்ஜியா’வுக்கு முந்திய ஆண்டில்தான் அவருடைய ‘மன்னன் மகிழ்கிறான்’ ஒரேயொரு முறை நடிக்கப்பட்டுத் தடைசெய்யப்பட்டிருந்தது. முடியாட்சி மீது அவர் கொண்டிருந்த சினத்தை இவ்விரண்டாம் நாடகத்தையும் படிக்குமிடத்து உணரலாம். கதைப்படி, லுக்ரேசியாவுக்கு ஜெனாரோ என்றொரு மகன்; தாய் யாரென அறியாதவன். பெராரா அரண்மனைச் சுவரிலுள்ள குடும்பப் பெயரின் முதலெழுத்தை அவன் குத்துவாளாற் பெயர்த்துவிட, எஞ்சி நிற்பது களியாட்டம் எனப் பொருள்படும் சொல்லாகின்றது. செய்தவன் தன் மகனென்று அறியாத அவளே அக்குற்றத்துக்குத் தண்டனை கோருகின்றாள். இறுதியில் விருந்தொன்றில் அவனுடைய நண்பரனைவருக்கும் அவள் நஞ்சூட்ட, அவன் அவளைக் குத்துகின்றான். தானே அவன் தாயெனக் கூறி அவள் மடிகின்றாள். அரங்க உத்தி என்ற அளவில் இதன் ஆற்றலை மறுக்கவியலாது. விருந்துக் கூடத்தினுள்ளே துறவிகளின் இரங்கற் பாடல் ஒலிக்க, சவப்பெட்டிகள் வரிசையாகத் தோன்றும் கட்டம் வாசிப்பிலேயே நடுங்கவைக்கின்றது.

ஆயின் இது வரலாறா? ஜெனாரோ என்றொரு மகன் இருந்ததில்லை. லுக்ரேசியா நஞ்சிட்டாளென்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. அவள் மகனின் கத்தியால் அன்று, 1519 யூனில் மகப்பேற்றின் பின்வந்த நோயால் இறந்தாள். இவை ஒருபுறமிருக்க, இந்நாடகத்துக்கும் வரலாற்றுக்குமுள்ள உறவைக் காட்டும் சுவையான சான்று வேறொன்றுண்டு. ஹியூகோவின் கதையைத் தழுவி டொனிசெத்தி அமைத்த இசைநாடகம் அதே 1833 டிசெம்பரில் மிலானில் அரங்கேறியது. 1840இல் அதனைப் பாரிசில் நிகழ்த்த முற்பட்டபோது ஹியூகோ ஆசிரியவுரிமை கோரித் தடுத்தார். உடனே பெயரை மாற்றி, பாத்திரங்களைத் துருக்கியராக்கி, அதே இசையை நிகழ்த்தினர்! இத்தாலியரைத் துருக்கியராக்கியும் குறைவுபடாத கதையில் இத்தாலிய வரலாறு எவ்வளவு இருந்திருக்கும்? வரலாறு அங்கு ஓர் ஆடை மாத்திரமே; கழற்றி வேறொன்றை அணியலாம்.

ஹியூகோவின் நஞ்சுக் கிண்ணத்துக்கு மறுப்பாக 1874இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கிரெகொரோவியஸ் ஆவணங்களை முன்வைத்து லுக்ரேசியாவின் வரலாற்றை எழுதினார். 1939இல் இத்தாலிய எழுத்தாளர் மரியா பெல்லோஞ்சி எழுதிய வாழ்க்கை வரலாறு, ஆவண அறிவும் நாவலாசிரியரின் கூருணர்வும் ஒருங்கேயமைந்த நூலாகும். இடையில், 1912இல் ரபாயல் சபாத்தினி சேசாரேக்காக வாதாடும் நூலொன்றை வெளியிட்டார். சபாத்தினி பிறந்தது பாப்பரசரின் பழைய ஆட்சிநிலப் பகுதியிலுள்ள யேசி நகரில். சாகச நாவல்களால் ஆங்கில வாசகரிடையே பெரும்புகழ் பெற்றவர். இவற்றின் பயனாக லுக்ரேசியா பெருமளவு ‘விடுதலை’ பெற்றாள் எனலாம். ஆனால் விடுதலை என்ற சொல்லே சிக்கலைக் காட்டுகின்றது. நீதிமன்றம் அப்படியே இருந்தது. தீர்ப்பு மாத்திரமே மாறியது. போர்ஜியா பற்றிய புனைகதை அன்றிலிருந்து குற்றப்பத்திரிகையாக அல்லது எதிர்வாதமாக எழுதப்பட்டு வந்துள்ளது. இவர்கள் செய்தார்களா, செய்யவில்லையா? வாசகன் யூரியாக அமர்த்தப்படுகின்றான். செய்யத்தக்க நிலைமைகள் எவ்வாறு உண்டாயின, அவற்றின் சுமையை யார் தாங்கினர் என அறியும் வாய்ப்பு அவனுக்குத் தரப்படுவதில்லை.

ஈண்டு ஜோர்ஜ் லூக்காச் 1937இல் எழுதிமுடித்த ‘வரலாற்று நாவல்’ என்னும் நூலின் ஒரு கருத்து பயன்படும். வால்டர் ஸ்கொட்டின் நாவல்களில் மன்னரும் தலைவரும் கதையின் ஓரத்திலேயே நிற்க, இரு பக்கத்தாரோடும் உறவுடைய ஒரு நடுத்தர மனிதன் நடுவில் நிற்கின்றான்; அவன் வழியாகவே சமூகச் சக்திகளின் மோதல் புலனாகின்றது என்பார் லூக்காச். மாபெரும் மனிதரை மையத்தில் வைத்து அவர்தம் அந்தரங்கத்தைத் துருவும் நாவல், வரலாற்றைத் தனிமனித உளவியலாகச் சுருக்கிவிடும் என்பது அவர்தம் அச்சம். போர்ஜியா நாவல்களைப்போல் இவ்வச்சத்தை மெய்ப்பித்தவை வேறு இல்லை. யீன் பிளெய்டி என்னும் புனைபெயரில் எலினோர் ஹிபேர்ட் 1958இல் வெளியிட்ட இரு நாவல்களைப் பார்க்கலாம். அவற்றிலே லுக்ரேசியா நஞ்சிடுபவளல்லள்; அன்புக்கு ஏங்கும் மென்மையான பெண். தந்தையும் தமையனும் அவளை ஆட்டிவைக்கின்றனர். அவள் அழுகின்றாள், காதலிக்கின்றாள், மறுபடியும் அழுகின்றாள். ஹியூகோவின் அரக்கியைவிட இவள் நல்லவளே. ஆனால் அவளைவிட வெறுமையானவள். அரக்கிக்காவது ஒரு செயலாற்றல் இருந்தது.

லூக்காச் கூறும் அமைப்பைப் பின்பற்றிய ஒரு நாவலும் உண்டு. அது சாமுவேல் ஷெலபார்கரின் ‘நரிகளின் இளவரசன்’ (1947). அதன் நாயகன் அந்திரேயா ஒர்சினி கற்பனைப் பாத்திரம். பிரபுவென உலவும் அவன் உண்மையிற் சிற்றூரொன்றின் எளிய குடும்பத்துப் பிள்ளை. சேசாரேயின் கையாளாகப் பெராராவுக்கும் பின்னர் ஒரு மலைநகருக்கும் அனுப்பப்படும் அவன் ஈற்றில் தன் தலைவனையே எதிர்க்கின்றான். பிறப்பினாலன்றித் திறமையினாலும் பொய்யினாலும் உயரும் புதுமனிதனை, மறுமலர்ச்சிக் காலத்துக்கேயுரிய அவ்வகை மாந்தனை, நாவல் மையத்தில் நிறுத்தியமை உண்மையிற் சிறந்த தெரிவு. அதன் முதற்பகுதியைப் படிக்கையில், இறுதியாக ஒருவர் வழியைக் கண்டுவிட்டார் என்றே நான் எண்ணினேன். ஆனால் மலைநகர்த் தலைவனின் இளமனைவி கமிலா மீது அவன் கொள்ளும் காதல் அவனைத் தூய்மைப்படுத்தத் தொடங்கியவுடன் அச்சமூக வினா கரைந்துபோகின்றது. 1949இல் வெளிவந்த திரைப்படத்தில் ஓர்சன் வெல்ஸ் சேசாரேயாக நடித்தார். படத்தில் நினைவில் நிற்பதும் அவர்தான். ஓரத்தில் வைக்கவேண்டியவர் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடுகின்றார்!

1502 இலையுதிர் காலத்தில் ஈமொலா என்னும் சிறுநகரில் மூவர் ஒருங்கிருந்தனர் என்பதை நினைக்கையில் எந்த நாவலாசிரியனுக்கும் கை துடிக்கும். சேசாரே அங்கிருந்து ஆட்சி செய்தான். புளோரன்சின் தூதனாக மாக்கியவெல்லி அங்கு வந்திருந்தார். சேசாரேயின் பொறியியலாளராகப் பணியாற்றிய லியனார்டோ டாவின்சி அந்நகரின் வரைபடத்தை அளந்து வரைந்தார். சோமசெற் மோம் 1946இல் எழுதிய ‘அன்றும் இன்றும்’ இந்த ஈமொலாவை எடுத்துக்கொண்ட நாவல். அவருடைய மாக்கியவெல்லி, ஒருபுறம் சேசாரேயிடம் பிடிகொடாது பேச்சு நடத்துகின்றார். மறுபுறம் வணிகனொருவனின் மனைவியை மயக்கத் திட்டமிடுகின்றார். ஈற்றில் அப்பெண் அவருடைய இளம் உதவியாளனுக்கே கிட்டுகின்றாள். இவ்வனுபவமே பின்னர் அவர் எழுதிய ‘மந்திரகோலா’ நாடகத்துக்கு வித்தாயிற்று என்பது மோம் செய்யும் வேடிக்கை. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் இந்நாவலை ஈவிரக்கமின்றிச் சாடினார். நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன். காதற் சூழ்ச்சியும் அரசியற் சூழ்ச்சியும் ஒரே இலக்கணமுடையவை என்றும், இரண்டிலும் காத்திருக்க வைப்பவனே வெல்கின்றான் என்றும் மோம் காட்டுமிடங்கள் நுட்பமானவை. ஆனால் ஈமொலாவிலிருந்து மாக்கியவெல்லி புறப்பட்டுச் சென்ற பாதையில் என்ன கிடந்தது? 1502 டிசெம்பர் 26ஆம் திகதி காலை, செசேனா நகரச் சதுக்கத்தில், சேசாரேயின் ஆளுநனாயிருந்து மக்களைக் கொடுமைப்படுத்திய ரெமிரோவின் உடல் இரு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மரக்குற்றியும் இரத்தந் தோய்ந்த கத்தியும் இருந்தன. ஐந்து நாட்களின் பின், சினிகாலியா நகரில், நட்புப் பாராட்டி வரவழைக்கப்பட்ட படைத்தலைவர்கள் சிறைபிடிக்கப்பட்டனர். அவருள் இருவர் அன்றிரவே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். ரெமிரோவின் கொடுமைகளாற் சேசாரேக்கு நாடு அடங்கியது. ரெமிரோவின் சாவினாற் சேசாரேக்கு நற்பெயர் கிட்டியது. ‘அரசன்’ நூலில் மாக்கியவெல்லி இதனை வியந்து விளக்குகின்றார். சதுக்கத்திலே நின்று பார்த்த செசேனா மக்கள் நிறைவும் திகைப்பும் ஒருங்கே அடைந்தனர் என்கிறார். அந்தத் திகைப்பை உள்ளிருந்து எழுதிய நாவலை நான் இன்னுங் காணவில்லை. படுக்கையறை வாயிலில் ஏமாந்து நிற்கும் மாக்கியவெல்லி நம்மைச் சிரிக்க வைக்கின்றார். சதுக்கத்தில் நின்ற மாக்கியவெல்லி அக்காலத்தையே நமக்குத் திறந்து காட்டியிருப்பார்.

அண்மைக்காலப் படைப்புகள் பலவற்றில் இக்குடும்பம் வேறொரு சட்டையை அணிந்துகொண்டது. ‘கோட்ஃபாதர்’ ஆசிரியர் மாரியோ பூசோ 1999இல் இறக்கையில் முடிக்காது விட்டு, கரோல் ஜினோ முடித்து 2001இல் வெளிவந்த ‘குடும்பம்’ என்னும் நாவல், போர்ஜியாக்களைப் பாதாள உலகக் கும்பலொன்றின் மூதாதையராகக் காண்கின்றது. 2011 முதல் 2013 வரை ஒளிபரப்பான நீல் ஜோர்டனின் தொலைக்காட்சித் தொடரும் அந்நோக்கினையே விளம்பரமாக்கியது. ஸ்ஃபோர்சாவின் ஆத்திரச் சொல்லிலிருந்து கிளைத்த வதந்தியை, தமையனுக்கும் தங்கைக்குமிடையே நிகழ்ந்த காதற் காவியமாக அது வளர்த்தெடுத்தது. இவற்றைப்பற்றி நீள எழுதுவதற்கு ஒன்றுமில்லை. குற்றக் கும்பல் என்ற உவமை ஒரு வகையிற் பொருந்தும். ஆனால் அது ஓர் உண்மையை மறைக்கின்றது. கும்பல் சட்டத்துக்குப் புறம்பானது. போர்ஜியாக்களின் செயல்களிற் பெரும்பாலானவை சட்டத்தினாலேயே நடைபெற்றன.

நஞ்சையே எடுத்துக்கொள்வோம். செல்வமிக்க கர்தினால்களை அவர்தம் பொருளுக்காக நஞ்சிட்டுக் கொன்றனர் என்பது கதை. அதற்கென இரகசியப் பொடியொன்றும் அதற்கொரு பெயரும் நாவல்களில் உண்டு. ஆனால் கர்தினால் ஒருவர் இறப்பின் அவருடைய சொத்தைப் பாப்பரசர் கைக்கொள்ளும் வழக்கு அன்றைய திருச்சபையிலே நிலவிய ஏற்பாடு. பதவிகள் விலைக்கு வழங்கப்பட்டன. 1500ஆம் ஆண்டு யூபிலி யாத்திரிகர் இட்ட காணிக்கையும், அவ்வாண்டு புதிதாக நியமிக்கப்பட்ட கர்தினால்கள் செலுத்திய பணமும் சேசாரேயின் போர்ச்செலவுக்குப் பயன்பட்டன. தொலைநாட்டிலிருந்து நடந்துவந்து பாவமன்னிப்புக் கோரிய ஓர் ஏழை யாத்திரிகனின் காசு எவ்வாறு ரொமாக்னாவில் ஒரு மதிலை உடைக்கும் பீரங்கிக் குண்டாயிற்று? நஞ்சுக் கிண்ணத்தைவிடப் பன்மடங்கு அச்சந்தரும் கதை இதுவாகும். நஞ்சு ஒரு மனிதனின் தீமையாற் கலக்கப்படுவது. இதுவோ எவருடைய தனித்தீமையும் வேண்டாது இயங்குவது.

இன்னொன்றையும் இடைக்குறிப்பாகச் சொல்லத்தோன்றுகின்றது. கொலம்பஸ் திரும்பிவந்த 1493ஆம் ஆண்டில், அட்லாந்திக் கடலிலே ஒரு கோட்டினை வகுத்து அதற்கப்பாலுள்ள நிலங்களைக் கஸ்தீலிய முடிக்கு வழங்கிய ஓலையிற் கையெழுத்திட்டவரும் இதே அலெக்சாந்தரே. அடுத்த ஆண்டு கஸ்தீலியரும் போர்த்துக்கேயரும் அக்கோட்டைத் தம்முட்பேசி மாற்றிக்கொண்டனர். அவ்வோலை நமது தீவைக் குறித்து எழுந்ததன்று. எனினும் 1505ஆம் ஆண்டளவில் இங்கு கரையிறங்கி, 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தையும் விழுங்கியவர்கள், உலகைப் பங்கிடுதல் முறையானதே என்னும் அந்த எண்ணத்தின் வாரிசுகள். பாப்பரசரின் ஆசைநாயகியருக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடமளிக்கும் நாவல்களில் இவ்வோலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரவேற்புக் காட்சி, ஒரு கிளி, ஒரு வேடிக்கை. இலங்கையிலிருந்து படிக்கும் ஒருவனுக்கு அப்பக்கம் சற்று நீண்டிருக்கலாகாதா என்று தோன்றுவதில் வியப்பில்லை.

இவற்றினின்று ஓரளவு வேறுபடுபவை சாரா டூனன்றின் ‘குருதியும் வனப்பும்’ (2013), ‘குடும்பத்தின் பெயரால்’ (2017) ஆகிய இரு நாவல்களாகும். அவர் வழக்கு நடத்தவில்லை. மணவுடன்படிக்கை எவ்வாறு பேசப்பட்டது, செய்தி எத்தனை நாளிற் சென்றடைந்தது, ‘பிரெஞ்சு நோய்’ என அன்று அழைக்கப்பட்ட மேகநோய் சேசாரேயின் உடலையும் முடிவுகளையும் எவ்வாறு அரித்தது என்பவற்றைப் பொறுமையுடன் எழுதுகின்றார். ஒரு நோயை அரசியற் காரணியாக்கியமை அவர் பெற்ற வெற்றி. லுக்ரேசியாவும் அவரிடத்தில் கற்றுக்கொள்கின்றாள். பெராரா மாமனாரிடம் தன் படித்தொகைக்காக விடாப்பிடியாகப் போராடும் பெண்ணாக வளர்கின்றாள். பணத்தைப்பற்றிப் பேசும் லுக்ரேசியா! ஹியூகோவிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

எனினும் இங்கும் ஓர் எல்லையுண்டு. அதை விளக்கப் புர்ச்சார்டின் நாட்குறிப்பிலிருந்து மற்றுமோர் இடத்தைக் காட்டலாம். 1501இல் ரோமாபுரியை விட்டுச் செல்லநேர்ந்த அலெக்சாந்தர், அரண்மனை அலுவல்களைக் கவனிக்கவும் கடிதங்களைப் பிரிக்கவும் மகளுக்கு அதிகாரமளித்தார். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று. ஒரு விடயத்தில் அவள் முதிய கர்தினால் ஒருவரின் ஆலோசனையைக் கேட்டாள். இத்தகைய ஆலோசனைகளை எழுதிவைக்க ஒருவர் வேண்டுமே என்றார் அவர். தனக்கே நன்றாக எழுதத் தெரியும் என்றாள் அவள். அவளிடம் எழுதுகோல் எங்கேயெனக் கர்தினால் கேட்டார். சிலேடை விளங்கி இருவரும் சிரித்தனர். போர்ஜியா புனைகதைகளின் முழு இலக்கணமும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளதென்பேன். திருச்சபையின் தலைமைச் செயலகத்தில் ஒரு பெண் அமர்ந்து கடிதம் படிக்கின்றாள். எழுதவும் தெரியும் என்கிறாள். கேட்டவருக்கு நினைவு வருவது அவளுடைய உடல். ஹியூகோ முதல் தொலைக்காட்சி வரை அக்கர்தினாலின் சிலேடையையே நீட்டி எழுதியுள்ளனர்.

அவள் எழுதியவை என்ன? கவிஞர் பியெத்ரோ பெம்போவுக்கு எழுதிய கடிதங்கள் புகழ்பெற்றவை; அவற்றோடு வைக்கப்பட்டிருந்த கூந்தற் கற்றையை மிலான் நூலகத்திற் பார்த்து பைரன் மயங்கினார். அக்கூந்தல் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. கணக்கேடுகள் எழுதப்படவில்லை. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் டயான் கிரார்டோ 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1513 முதல் 1519 வரையான தன் இறுதி ஆண்டுகளில் லுக்ரேசியா பெராராவைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களை மிகக் குறைந்த விலைக்குப் பெற்று, கால்வாய் வெட்டி, நீரை வடித்து, 20,000 ஹெக்டேயர் வரை பயிர்ச்செய்கைக்கும் மேய்ச்சலுக்கும் ஆயத்தப்படுத்தினாள் என்று காட்டுகின்றது. தானியம், அவரை, சணல், திராட்சை என்பன அங்கு பயிராயின. நகைகளின் சொந்தக்காரியாகவே நாம் அறிந்திருந்த ஒருத்தி மண்ணில் முதலிட்டுப் பெருஞ் செல்வம் ஈட்டியிருக்கின்றாள்.

இவ்வாய்வு டூனன்றின் நாவல்களுக்கு முன்னரே வெளிவந்துவிட்டது. ஆனால் அவருடைய கதையும் தந்தையின் வீழ்ச்சியை ஒட்டியே முடிவடைகின்றது. மற்றையோரிடத்தும் பெரும்பாலும் 1503இன் பின்வரும் பதினாறு ஆண்டுகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. பழிச்சொல் ஓயுமிடத்தில் நாவலும் ஓய்ந்துவிடுகின்றது. இதனைச் சுட்டுவது லுக்ரேசியாவுக்கு மற்றுமொரு நற்சான்றிதழ் வழங்குவதற்கன்று. சதுப்பை மலிவாக வாங்கியவள் பாராட்டுக்குரிய தொழில்முனைவோள் என்று எழுதினால் அதுவும் எதிர்வாதமாகவே முடியும். அந்நிலம் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது? கழுத்தளவு சேற்றில் நின்று கால்வாய் வெட்டியோர் யார்? அவர்களுக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது, சதுப்புக் காய்ச்சலில் எத்தனைபேர் மாண்டனர்? அவர்கள் வெட்டிய மண் எவருடைய வாழ்வை வளமாக்கிற்று, எவருடைய மீன்பிடியை இல்லாதொழித்தது? அவ்வேலையாட்களுள் ஒருவன், அரண்மனையிலிருந்து பார்வையிட வந்த கோமகளைத் தலைநிமிர்த்திப் பார்த்திருப்பான். நஞ்சிடுபவளெனத் தான் கேள்வியுற்ற பெண் கர்ப்பவதியாக, களைத்துப்போய், கணக்கேட்டோடு நிற்பதை அவன் கண்டிருக்கக்கூடும். அந்த நாவல் அவனிடமிருந்து தொடங்கவேண்டும். அல்லது படகிற் படுத்திருந்த அந்த மரவியாபாரியிடமிருந்து.